பேப்பரில் பெயர் வரிசை: நாங்கள் பட்ட பாடு

பிஎச்டி மூன்றாம் வருடம். ஒன்றரை வருடம் லேபில் நான் செய்த ஜெல் சோதனைகளை வைத்து ஒரு பேப்பர் தயாரானது. ஜர்னலுக்கு அனுப்புகிற அன்று காலையில்தான் முதல் பக்கத்தைப் பார்த்தேன். முதல் பெயர் சீனியருடையது. இரண்டாவது, லேப் பக்கமே எட்டிப் பார்க்காத துறைத்தலைவர். எனக்கு மூன்றாம் இடம். கைடிடம் கேட்டேன். "உனக்கு அடுத்த பேப்பர் இருக்கேம்மா, அவன் இந்த மாசம் தீசிஸ் சப்மிட் பண்ணணும்" என்றார். தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்தக் கோபத்தோடு மெயில் எழுதியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். இரண்டு நாள் கழித்து, எந்தப் படத்தை எந்தத் தேதியில் யார் எடுத்தது என்று லேப் நோட்டைப் பார்த்து ஒரே தாளில் எழுதினேன். ஆறு படங்களில் நாலு என்னுடையவை. ஒன்று பொங்கலன்று எடுத்தது. தாளைக் கைடின் மேசையில் வைத்து, "சார், இதை வைத்து வரிசையை முடிவு பண்ணலாமா?" என்று மட்டும் கேட்டேன். பொங்கல் தேதியில் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் எனக்கும் சீனியருக்கும் சமபங்கு என்று நட்சத்திரக் குறி போட்டார்கள். துறைத்தலைவர் பெயர் போகவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

* * *

அக்கா, நீங்கள் செய்ததுதான் சரி. என் பேப்பரிலும் இதே தகராறு வந்தபோது நான் அவசரப்பட்டு நேரே ஜர்னலுக்கு எழுதிவிட்டேன். யார் ஆத்தர் என்று ஜர்னல் தீர்ப்புச் சொல்ல முடியாது, உங்கள் நிறுவனமே விசாரிக்கட்டும் என்று எடிட்டர் பதில் போட்டார். பதிப்பு நெறிக்கான கோப் அமைப்பின் வழிகாட்டுதலும் அதுதானாம். எட்டு மாதம் பேப்பர் கிடப்பில் கிடந்தது.

* * *

நான் இப்போது கைடு. துறைத்தலைவர் என்பதற்காக மட்டும் பெயர் போடுவது தப்பு. மருத்துவ இதழ்கள் பின்பற்றும் ஐசிஎம்ஜேஇ விதிப்படி ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பொறுப்பேற்பு என்று 4 நிபந்தனைகளும் பொருந்த வேண்டும். மற்றவர்களுக்கு நன்றிப் பகுதி இருக்கிறது.

முதல் பெயர் கிடைத்தாலும் சண்டை ஓய்ந்துவிடாது. காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினை அறிவித்த 1944ஆம் ஆண்டுப் பேப்பரில் ஆல்பர்ட் ஷாட்ஸ்தான் முதல் ஆத்தர். அவரே 1950இல் தன் கைடு வாக்ஸ்மன் மேல் வழக்குப் போட வேண்டி வந்தது. இணைக் கண்டுபிடிப்பாளர் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 1952இல் நோபல் வாக்ஸ்மனுக்கு மட்டும்தான்.

என் லேபில் வேலை தொடங்கும் வாரமே பெயர் வரிசையை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவேன். வேலை கூடினால், குறைந்தால் அதே தாளில் திருத்தம், மறுபடி கையெழுத்து. போன மாதம் ஒரு மாணவி அந்தத் தாளோடு வந்து, "சார், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முழுக்க நான்தான் செஞ்சேன்" என்றார். நாலாவதாக இருந்த அவர் பெயரை அன்றே இரண்டாவதாக்கினோம்.