டோமி, கோர்டிக், பீலாக்: லீவ்ஸின் பழைய சண்டைக்காரர்களை நீங்கள் எப்படி நினைக்கிறீர்கள்?

நீலச்சட்டை:

வணக்கம். நான் ரொறன்ரோவின் ஐஸ் ஹொக்கி அணியான லீவ்ஸை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கியது 2013இல், பொஸ்ரனுடனான ஏழாவது ஆட்டத்தில் 4-1 என்று முன்னுக்கு நின்று கடைசியில் 5-4 என்று தோற்ற அந்த வருஷம். அதனால் சண்டைக்காரர் (எதிரணியோடு அடிபட்டு அணிக்குக் காவலாக நிற்கிறவர்) என்றால் எனக்குத் தெரிந்தது கோல்ட்டன் ஓரின் கடைசிக் காலமும், பிறகு ரயன் ரீவ்ஸும்தான்.

மார்ச் 2024இல் ரீவ்ஸும் நியூ யோர்க் ரேஞ்சர்ஸின் மற் ரெம்பியும் சண்டை பிடிக்கக் கையுறையைக் கழற்றிப் போட்டபோது என் மாமா சோபாவிலிருந்து எழும்பி நின்றுவிட்டார். "டோமி காலத்தில் இதெல்லாம் வாராவாரம் நடக்கும்" என்று சொல்லி, இரவு பன்னிரண்டு மணி வரை பழைய வீடியோக்களைப் போட்டுக் காட்டினார். சிலது உண்மையிலேயே மெய்சிலிர்க்க வைத்தது. ஆனால் 2001இல் டோமி நியூ ஜேர்சியின் ஸ்கொட் நீடர்மேயரை முழங்கையால் அடித்து விழுத்தியதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பக் (ஆடுகிற வட்டு) அவரிடம் இல்லை, அடி வருவது அவருக்குத் தெரியவும் இல்லை.

இவ்வளவு செய்தவரின் மகன் மக்ஸ் 2023இல் லீவ்ஸுக்கு வந்தபோது ஊரே கொண்டாடியது. அந்தக் காலத்தில் நேரே பார்த்தவர்கள் சொல்லுங்கள்: யாரைப் பிடித்தது, யாரைப் பிடிக்கவில்லை, இப்போது என்ன நினைக்கிறீர்கள்?

ஸ்காபரோ28:

என் பெயரிலேயே டோமியின் ஜேர்சி இலக்கம் 28 இருக்கிறது, ஆகவே நான் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும்.

ரை டோமி ஐந்தடி பத்து அங்குலம். எதிரே வருபவர்கள் எல்லாம் ஆறடிக்கு மேல். அல்பேனியாவிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை, வின்ட்சர் பக்கம் வளர்ந்தவர். வெளியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, உருவத்தில் சின்னவர், ஆனால் யாருக்கும் வழிவிடாதவர். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஹொக்கியின் விதி ஒன்றும் தெரியாது, டோமியை மட்டும் தெரியும்.

1992 பெப்ரவரியில், அப்போது அவர் ரேஞ்சர்ஸில், டிற்றொயிட்டின் பொப் புரோபேர்ட்டுடன் சண்டை பிடித்துவிட்டு, இடுப்பில் சம்பியன் பட்டி கட்டுவது போலச் சைகை காட்டியபடி போனார். புரோபேர்ட் அதை மறக்கவில்லை. டிசம்பரில் மறுபடி சந்தித்தபோது நன்றாகத் திருப்பிக் கொடுத்தார். அந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள் தம்பி, அந்தக் காலம் எப்படி இருந்தது என்று விளங்கும்.

2001இல் பிலடெல்பியாவில் நடந்ததும் இருக்கிறது. பெனல்ட்டி பொக்ஸில் (தண்டனை பெற்றவர் போய் இருக்கும் பெட்டியில்) இருந்தவர் மேல் ஆட்கள் சாமான்களை எறிய, இவர் போத்தல் தண்ணீரைப் பின்னுக்குப் பீச்சினார். ஒரு பெரிய உருவக்காரர் கண்ணாடியில் சாய்ந்து முட்ட, கண்ணாடி கழன்று ஆள் நேரே டோமியின் காலடியில் விழுந்தார். பிறகென்ன, அவருடைய உடுப்பைப் பிடித்து இழுத்தாயிற்று.

1,020 ஆட்டம், 104 கோல், 3,515 பெனல்ட்டி நிமிடம். எங்கள் நட்சத்திர ஆட்டக்காரர் மற்ஸ் சுண்டின் நிம்மதியாக விளையாடியதில் டோமிக்குப் பங்கு இருக்கிறது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். நீடர்மேயர் விஷயத்துக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். அது கேவலம், அவ்வளவுதான்.

கிறேசீட்:

தம்பி நீலச்சட்டை, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ரொறன்ரோ வந்தது 1988 முடிவில். முதல் வேலை தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். பக்கத்து மெசினில் நின்றவர் ஒரு நியூஃபவுண்ட்லாந்துக்காரர், அவர்தான் எனக்கு ஹொக்கி சொல்லித் தந்தவர். அந்தக் குளிர்காலம் முழுக்க அவருக்கு ஒரே ஒரு கோபம்தான்: நவம்பரில் ரஸ் கோர்ட்னலை மொன்றியலுக்குக் கொடுத்துவிட்டு ஜோன் கோர்டிக்கை வாங்கியது. கோர்ட்னல் காற்றுப் போல ஓடுகிற, கோல் போடுகிற பொடியன். கோர்டிக்கை எடுத்தது அடிப்பதற்கு. ஆகவே லீவ்ஸில் எனக்கு முதல் முதல் பெயர் தெரிந்தவரே, நான் முகம் பார்க்கும் முன்பே எல்லோரும் திட்டித் தீர்த்த ஓர் ஆள்.

பிறகு லீவ்ஸின் பழைய அரங்கமான மேப்பிள் லீவ் கார்டன்ஸுக்குப் போனோம். ஆக உச்சியில் இருந்த சாம்பல்நிற இருக்கைகள்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். கோர்டிக் கையுறையைப் போட்டதும் அதே நியூஃபவுண்ட்லாந்துக்காரர் இருக்கையில் ஏறி நிற்கிறார்! அது எப்படி நடக்கும் என்று பார்த்தால்தான் தெரியும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் சுற்றுவார்கள். ஒரு கை எதிராளியின் ஜேர்சியைக் கழுத்தடியில் சுருட்டிப் பிடிக்கும், மற்றக் கை வேலை செய்யும். லைன்ஸ்மன் இரண்டு பேரும் உடனே விலக்கமாட்டார்கள். ஒருவர் விழவேண்டும், அல்லது இருவரும் களைக்கவேண்டும், அதுவரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லாம் அரை நிமிஷம், முக்கால் நிமிஷம். பிறகு ஐந்து நிமிஷம் பெட்டிக்குள். ரிவியில் கிட்டக் காட்டும்போது கோர்டிக் கைவிரல்களை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். அதை ஒருவரும் வீடியோவாகப் போடுவதில்லை.

கோர்டிக் விளையாடத் தெரியாதவர் இல்லை. ஜூனியரில் பின்வரிசை ஆட்டக்காரர். 1986இல் மொன்றியலுடன் லீக்கின் ஆகப் பெரிய பரிசான ஸ்ரான்லிக் கிண்ணம் வென்றவர். ஆனால் அவரை வாங்கியது அதற்காக இல்லை. பெஞ்சில் முக்கால்வாசி நேரம் குந்தியிருக்கவேண்டும், பயிற்சியாளர் தோளில் தட்டினால் போய் அடிபடவேண்டும். முடியாது என்றால் கீழ் லீக்குக்கு அனுப்பிவிடுவார்கள், அந்த இடத்துக்கு வர இன்னும் பத்துப் பேர் காத்திருப்பார்கள். போதைப்பொருள், ஸ்டீரொயிட் எல்லாம் சேர்ந்து அவரைத் தின்றுகொண்டிருந்தது. இங்கிருந்து வாஷிங்டன், பிறகு கியூபெக். 1992 ஆகஸ்ட்டில் கியூபெக் நகரத்து மோட்டல் ஒன்றில் பொலிசாருடன் மல்லுக்கட்டிய பிறகு உயிர் போய்விட்டது. வயது 27.

வெண்டல் கிளார்க்கை இந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனமில்லை. 1985இல் புது ஆட்டக்காரர் தெரிவில் முதலாவதாகத் தெரிவானவர், கப்டன், கோல் போடுகிறவர். 1993 மே மாதம் லொஸ் ஏஞ்சல்ஸுடன் முதல் ஆட்டத்தில் மார்ட்டி மக்சோர்லி எங்கள் கில்மோரை இடித்து விழுத்தியதும் கிளார்க் நேரே அவரிடம் போனார். அந்தப் பக்கம் எங்கள் பயிற்சியாளர் பற் பேர்ண்ஸ், எதிரணிப் பயிற்சியாளர் மெல்றோஸைப் பிடிக்க அவர்களுடைய பெஞ்சை நோக்கிப் பாய்ந்தார். அன்றைக்குக் கத்திய கத்தில் எனக்கு அடுத்த நாள் குரல் வரவில்லை. அது கோபம். ஒருவரும் தோளில் தட்டி அனுப்பிய சண்டை இல்லை. இந்த வித்தியாசம் எனக்கு முக்கியம்.

டோமிக்கு வருகிறேன். 1995இல் அவர் திரும்பி வந்தது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீடர்மேயர் விஷயத்தை ஸ்காபரோ28 இரண்டு வசனத்தில் முடித்தது போதாது. நான்காவது ஆட்டம், நாங்கள் 3-1 என்று வென்றாயிற்று, நேரம் முடிய சில விநாடிதான் பாக்கி. அதற்குள் ஏன்? ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். டோமிக்கு அந்தப் பிளேஓவ் (பருவ முடிவில் கிண்ணத்துக்கான போட்டிகள்) முழுக்கவும், அடுத்த பருவத்தில் எட்டு ஆட்டமும் தடை. தொடர் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றோம். அணிக்குக் காவல் என்று வைத்திருந்தவரே அணியின் கழுத்தை அறுத்தார் என்றுதான் அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான்.

புரோபேர்ட்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1999 பெப்ரவரி 13, கார்டன்ஸில் கடைசி ஆட்டம், எதிரணி சிக்காகோ. அந்தக் கட்டடத்தில் லீவ்ஸின் பெரிய பெரிய ஆட்கள் எத்தனை பேர் கோல் போட்டிருப்பார்கள்! கடைசி என்எச்எல் (தேசிய ஹொக்கி லீக்) கோலைப் போட்டவர் பொப் புரோபேர்ட். 1987-88இல் ஒரே பருவத்தில் 398 பெனல்ட்டி நிமிடமும், கோலும் கோலுக்கு உதவியதுமாக 62 புள்ளியும் எடுத்த மனிதர். அடிதடி தவிர வேறொன்றும் தெரியாது என்று இவர்களைச் சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். 2010 ஜூலையில் சென் கிளேர் ஏரியில் குடும்பத்தோடு படகில் போனபோது சுருண்டு விழுந்து இறந்தார், வயது 45. மூளையைப் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு வருகிற மூளைச் சிதைவு, சிரிஇ, இருந்தது.

அடுத்த வருஷம், 2011 கோடையில், சண்டைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். மே மாதம் டெரிக் பூகார்ட், 28 வயது. ஆகஸ்ட் நடுவில் ரிக் ரிப்பியன், 27. ஆகஸ்ட் 31ஆம் திகதி எங்கள் வேட் பீலாக், 35, இங்கேயே ரொறன்ரோவில். நாலு மாதத்துக்குள் மூன்று பேர். பீலாக் ஏழு பருவம் லீவ்ஸ் ஜேர்சி போட்டவர். பேட்டி கொடுத்தால் சிரிப்பு, ரசிகரோடு நின்றால் சிரிப்பு. மன அழுத்தம் இருந்தது என்று அவருடைய தாயார் பிறகு சொல்லித்தான் உலகத்துக்குத் தெரியும்.

டோமி உயிரோடு, சுகமாக, மகன் விளையாடுவதைப் பார்க்க அரங்கத்துக்கு வருகிறார். கமரா காட்டுகிறது, சனம் கைதட்டுகிறது. நல்லது, வரட்டும். ஆனால் அவர் ஒருவரை வைத்து அந்தக் காலத்தை நினைத்தால் கணக்குப் பிழைத்துவிடும். கைகாட்ட வர முடியாதவர்களும் அதே வேலையைத்தான் செய்தார்கள், எங்களுக்காகத்தான் செய்தார்கள். 2023இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சண்டைக்காரர்களையும் அவர்களோடு ஒத்த மற்ற ஆட்டக்காரர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இறந்தவர்களில் சண்டைக்காரர்கள் சராசரியாகப் பத்து வருஷம் முந்திப் போயிருக்கிறார்கள். பத்து வருஷம், தம்பி.

உங்கள் மாமா டோமி வீடியோ போட்டால் பாருங்கள். பார்த்துவிட்டு கோர்டிக் பற்றியும் பீலாக் பற்றியும் அவரிடம் கேளுங்கள். அவருக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும்.

மொன்றியல்வாசி:

எதிரி முகாமிலிருந்து ஒரு குரல். கோர்டிக்கைக் கொடுத்துக் கோர்ட்னலை எடுத்த அந்த மாற்றத்தில் எங்களுக்கு லாபம் என்று இங்கே எல்லோரும் துள்ளினோம். கோர்ட்னல் வந்த அதே பருவத்தில், 1989இல், இறுதிப் போட்டி வரை போய் கல்கரியிடம் தோற்றோம். கோர்டிக்கைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. கிறேசீட் அண்ணை எழுதியதைப் படித்த பிறகு என் கூட்டாளி ஒருவனிடம் கேட்டேன். 86 கிண்ண அணியில் கோர்டிக் இருந்தாரா என்று என்னையே திருப்பிக் கேட்கிறான். அவன் ஐம்பது வருஷமாக இங்கே இருப்பவன்.

ஹொக்கி_அம்மா:

2013 ஒக்டோபர் 1, பருவத்தின் முதல் ஆட்டம், மொன்றியலில். கோல்ட்டன் ஓரும் ஜோர்ஜ் பாரோஸும் அடிபட்டார்கள். ஓர் சறுக்கி விழ, பிடித்த பிடியில் பாரோஸும் சேர்ந்து இழுபட்டு முகம் ஐஸில் மோதியது. அடியால் இல்லை, விழுந்த விழுகையால்தான் நினைவு தப்பியது. என் பெரியவன் அப்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, அவர் ஏன் எழும்பவில்லை?" என்று கேட்டான். ரிவியை நிற்பாட்டிவிட்டேன்.

அதே பாரோஸ்தான் 2017இலிருந்து என்எச்எல்லின் ஆட்டக்காரர் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவர். நீடர்மேயருக்கு விழுந்தது போல ஓர் அடி இன்று விழுந்தால் தடையைத் தீர்மானிப்பது அவருடைய பிரிவுதான். அந்த இடத்துக்கு, ஐஸில் முகம் மோதிய ஒருவர் வந்தது எனக்குச் சரியாகப் படுகிறது.

ஓரையும் குறை சொல்ல வரவில்லை. 2012 ஜனவரியில் அவரைக் கீழ் அணிக்கு அனுப்பியபோது மனேஜர் பிரையன் பேர்க்கே வருத்தப்பட்டுப் பேசினார். இப்படியானவர்கள் போய்விட்டால் ஒளிந்து நின்று அடிக்கிறவர்கள் ஆட்டத்தைப் பிடித்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. என் இரண்டு பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். சண்டைக்காரர் இல்லாமல் அவர்களுடைய ஆட்டம் நன்றாகத்தான் நடக்கிறது. கிறேசீட் அண்ணா சொன்ன "எங்களுக்காகத்தான்" என்ற வார்த்தை மட்டும் எனக்கு இடிக்கிறது. நாங்கள் கேட்டோமா?

கிறேசீட்:

கேட்டோம் தங்கச்சி. சுண்டின் கோல் போட்டால் எழும்பாதவர்கள் சண்டை என்றால் எழும்பினார்கள். பதினெட்டாயிரம் பேரும் எழும்பினால் அதைவிட எப்படிக் கேட்பது?

நீலச்சட்டை:

எல்லோருக்கும் நன்றி. மாமாவிடம் பீலாக் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு "அவன் ஒருக்கால் கோல் போட்டவன், தேடு" என்றார். எந்த ஆட்டம் என்று யாருக்காவது தெரியுமா?

ஸ்காபரோ28:

2007 டிசம்பர், நாஷ்வில்லுக்கு எதிராக. அதற்கு முன் நூற்றுக்கு மேல் ஆட்டம் கோல் இல்லாமல் இருந்தவர். பெயரையும் வருஷத்தையும் போட்டுத் தேடினால் வரும். சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள், அன்றைக்கு எழும்பின சத்தம் எந்தச் சண்டைக்கும் குறைந்ததில்லை.