தம்பிக்குக் கீமோ நடக்கிறது, சாமி விஷயத்தில் வீட்டில் தினமும் சண்டை. என்ன செய்ய?

நெல்லைக்காரி எழுதியது:

தம்பிக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். என்கிற வகை. சென்னையில் சேர்த்திருக்கிறோம், முதல் கட்டக் கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மாதம் முடிந்ததும் எலும்பு மஜ்ஜையில் நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். டாக்டர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, நன்றாகத்தான் பார்க்கிறார்கள். எங்கள் பிரச்சினை வேறு.

அம்மா சமயபுரத்துக்கு நேர்ந்திருக்கிறார். செவ்வாய், வெள்ளி முழுப் பட்டினி, அவருக்கே சுகர் இருக்கிறது. தம்பி கையில் மந்திரித்த கயிறு, தலைமாட்டில் படம், காலையும் மாலையும் திருநீறு. அவன் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் அம்மா நெற்றியில் பூச வந்தபோது கையைத் தட்டிவிட்டான், திருநீறு படுக்கை முழுக்கக் கொட்டிவிட்டது. "சாமி இருந்தா எனக்கு ஏன் இது வந்துச்சுன்னு கேட்டுட்டு வா, அப்புறம் பூசு" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். அம்மா வராண்டாவில் போய் உட்கார்ந்து அழுதார். அப்பாவோ கும்பிடுவதையே நிறுத்திவிட்டார், அம்மாவுக்கு அது இன்னும் தெரியாது.

இதற்கு நடுவில் பெரியம்மா, குலதெய்வத்துக்கு மூன்று வருடமாகக் கொடை விழாவுக்குப் போகாததுதான் காரணம் என்று அவன் காதுபடவே சொல்லிவிட்டுப் போகிறார். மாமா கீமோவை நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார். எனக்கும் சாமி நம்பிக்கை உண்டு. ஆனால் அம்மா பக்கம் நிற்பதா, தம்பி பக்கம் நிற்பதா என்று தெரியவில்லை. இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

வார்டு சிஸ்டர் எழுதியது:

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் வேலை செய்கிறேன் தங்கச்சி. முதலில் கைக்கயிறு. அது நனைந்து நனைந்து அழுக்கேறும், ஊசிக் குழாய் போட்ட கை என்றால் கேட்கவே வேண்டாம். கழற்றித் தலையணை உறைக்குள் வையுங்கள், அம்மா மனசும் ஆறும். திருநீறு நெற்றியில் துளி பூசலாம், வாயில் போடக்கூடாது. வேளாங்கண்ணித் தண்ணீராக இருந்தாலும் தர்கா தண்ணீராக இருந்தாலும் குடிக்கக் கொடுக்காதீர்கள். பூவும் வெளியிலிருந்து வரும் பிரசாதமும் வேண்டாம். இந்தக் கட்டத்தில் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். நமக்கு ஒன்றும் செய்யாத கிருமி அவனை ஐ.சி.யூ.வில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கும். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் காய்ச்சல் 100.4 காட்டினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே கிளம்பி வர வேண்டும்.

இன்னொன்று, அவன் கத்தியதில் ஒரு பங்கு மருந்தினுடையது. இந்தக் கட்டத்தில் தினமும் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அதில் பசி பிய்த்துத் தின்னும், தூக்கம் போகும், கோபம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்கே தெரியாது. நல்ல அமைதியான பிள்ளைகள் தட்டைத் தூக்கி எறிந்து பார்த்திருக்கிறேன். அம்மாவிடம் இதை டாக்டர் வாயால் சொல்லவையுங்கள்.

மாமா விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு மாதத்தில் ரத்தம் சுத்தமாகிவிட்டது என்று ரிப்போர்ட் வரலாம், பிள்ளையும் தெளிவாகிவிடுவான். அப்போதுதான் பலர் நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறார்கள். ஒளிந்திருக்கிற செல்களுக்காகத்தான் இரண்டு, இரண்டரை வருடம் மருந்து. பாதியில் விட்டுத் திரும்பி வந்தால் அடக்குவது ரொம்பக் கஷ்டம். நாட்டு மருந்தைக் கூடவே கொடுப்பதும் ஆபத்துதான், கல்லீரல் ஏற்கெனவே கீமோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

பழைய பேஷன்ட் எழுதியது:

எனக்கு 15 வயதில் இதே ஏ.எல்.எல். வந்தது, இப்போது வேலைக்குப் போகிறேன். திருச்சிப் பக்கம்தான் ஊர், அதனால் எங்கள் வீட்டிலும் சமயபுரம்தான். மொட்டை போடுவதாக நேர்ந்தார்கள், கீமோ முந்திக்கொண்டது. அம்மா எனக்குப் பதிலாகத் தன் முடியை இறக்கிவிட்டு வந்து நின்றார், எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உங்கள் தம்பி கேட்ட கேள்வியை நானும் கேட்டேன் அக்கா. அதற்கு ஆளாளுக்குப் பதில் சொன்னதுதான் கொடுமை. சோதனை என்றார்கள், கர்மா என்றார்கள், கண்ணேறு என்றார்கள். உங்கள் பெரியம்மா மாதிரி ஒருவர் சொல்லிவிட்டுப் போன ராத்திரி, நான் செய்த தப்பையெல்லாம் வரிசையாக எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன், அப்பா சட்டையில் எடுத்த பத்து ரூபாய் வரைக்கும். மறுநாள் ரவுண்ட்ஸுக்கு வந்த டாக்டரிடம் நேராகவே கேட்டேன். மஜ்ஜையில் ஒரு செல்லுக்குள் மரபணு தப்பாக மாறிவிடுகிறது, நீ செய்ததாலும் இல்லை, உன் அப்பா அம்மா செய்யாததாலும் இல்லை என்று நின்று பொறுமையாகச் சொன்னார். அதைச் சொந்தக்காரர்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அதற்கு ஏற்பாடு பண்ணுங்கள், பெரியம்மா இருக்கிற நேரமாகப் பார்த்து.

வார்டில் எனக்குப் பிடித்த ஒரே பக்தி எங்கள் அப்பாயியுடையதுதான். வின்கிறிஸ்டின் என்று ஒரு மருந்து, அது போட்டால் பாதம் மரத்துப்போய் முள் குத்துகிற மாதிரி எரியும். அப்பாயி கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டே வாய்க்குள் மாரியாத்தா போற்றி சொல்லிக்கொண்டிருக்கும். கண்ணை மூடு, நீயும் சொல்லு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. முதுகில் ஊசி போட்டுவிட்டு அசையாமல் படு என்பார்கள், அந்த நேரத்திலெல்லாம் அந்த முணுமுணுப்பு கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றிருக்கும். நான் நம்பினேனா என்று கேட்டால் அப்போது இல்லை. இப்போதும் பாதிதான்.

அதனால் பக்கம் பார்க்காதீர்கள். அம்மா எவ்வளவு வேண்டுமானாலும் கும்பிடட்டும், அவன் உடம்பைத் தொட்டுச் செய்வதென்றால் மட்டும் அவனைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். 16 வயதுப் பையன், ஊசி எப்போது, சாப்பாடு என்ன, யார் பார்க்க வரலாம் என்று எதுவுமே அவன் கையில் இல்லை. நெற்றியாவது அவனுடையதாக இருக்கட்டுமே.

அம்மாவின் பட்டினிக்கு ஒரு வழி சொல்கிறேன். சமயபுரத்தில் மாசி கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி இருக்கிறாள், சமைத்த தளிகை கிடையாது, துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர் இவ்வளவுதான் நைவேத்தியம். பிள்ளைகளுக்காக ஆத்தாளே பட்டினி கிடக்கிறாள், சுகரோடு நீயும் கிடந்து மயங்கி விழுந்தால் அவனை யார் பார்ப்பது என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் எடுபட்டது.

அப்பாவை விட்டுவிடுங்கள். என் அப்பா கோயில் வரைக்கும் வந்து செருப்புக்குக் காவல் நிற்பார், உள்ளே வரமாட்டார். அம்மாவும் ஏன் என்று கேட்டதில்லை.

காயல் வாப்பா எழுதியது:

என் மகளுக்கு 14 வயதில் சிறுநீரகம் பழுதாகி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். நோய் விசாரிக்கப் போவது எங்கள் மார்க்கத்தில் பெரிய நன்மை, அதனால் கூட்டம் தாங்காது. போனால் சீக்கிரம் எழுந்து வர வேண்டும் என்பதும் அதே மார்க்கத்தில் உள்ளதுதான், அதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள். நான் வார்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, துஆ செய்வதை இங்கேயே செய்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்குக் கோபம். இருக்கட்டும். உங்கள் பெரியம்மாவுக்கும் வாசலில் ஓர் ஆள் போடுங்கம்மா, அந்த வேலைக்கு மாமா பொருத்தமானவர்.

சாமியில்லாதவன் எழுதியது:

நான் கும்பிடுகிற ஆள் இல்லை, ஆனாலும் அம்மாவோடு இப்போது வாதம் பண்ண வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவருக்குப் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? சொந்தக்காரர்களுக்கு வேலை கொடுங்கள், வாய் தானாகக் குறையும். கீமோவில் ரத்தத் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், குறைந்தால் ஏற்றுவார்கள், எடுத்து வைத்தால் ஐந்து நாள்தான் தாங்கும், அதனால் கொடையாளர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். யாருக்கு என்ன பிரிவு, யார் எந்தக் கிழமை வருவார் என்று ஒரு வாட்ஸ்அப் குழு போடுங்கள். நீங்களும் அப்பா அம்மாவும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். பின்னால் மஜ்ஜை மாற்று தேவைப்பட்டால் அண்ணன் தங்கை அக்கா தம்பியிடம்தான் முதலில் பொருத்தம் பார்ப்பார்கள், அதனால் நெருங்கிய ரத்த உறவில் ரத்தம் ஏற்றுவதைத் தவிர்ப்பது வழக்கம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். இல்லையென்றால் வருமானச் சான்றிதழுக்கு மாமாவை அலையவிடுங்கள்.

நெல்லைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கயிறு தலையணை உறைக்குள் போய்விட்டது, ஸ்டீராய்டு பற்றி டாக்டரே அம்மாவிடம் பேசினார். இன்று வெள்ளிக்கிழமை, அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். திருநீறு டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, வேணும்னா எடுத்துக்கோ என்று மட்டும் சொன்னார். தம்பி எடுக்கவில்லை, தள்ளிவிடவும் இல்லை. மாமா தாசில்தார் ஆபீசுக்குப் போயிருக்கிறார். பெரியம்மாவை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். பழைய பேஷன்ட் அண்ணா, ராத்திரி ஒரு மணிக்குப் புரோட்டா கேட்கிறான், கொடுக்கலாமா?

பழைய பேஷன்ட் எழுதியது:

கடைப் புரோட்டா கூடவே கூடாது. வீட்டில் யாராவது சூடாகச் செய்து தந்தால் சரி, அதுவும் சிஸ்டரைக் கேட்டுவிட்டு. பெரியம்மாவுக்கு நல்ல புரோட்டா போட வருமா?