மறு: ஹெடருக்குத் தமிழ் – ‘தலைக்குழாய்’ வேண்டாம், ‘கூடற்குழல்’?

> எக்சாஸ்ட் ஹெடர் = புகைத் தலைக்குழாய். ஹெட் என்றால் தலைதானே?

வணக்கம்.

நம் மொழிபெயர்ப்பு வரைவில் வரும் எக்சாஸ்ட் ஹெடர் என்பது இன்ஜின் சிலிண்டர்களின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பு. அதற்குத் தலை என்று வைத்தால் படிப்பவர் சிலிண்டர் ஹெட்டோடு (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) சேர்த்துக் குழப்பிக்கொள்வார். அதில்தான் இதை மாட்டுகிறோம் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைப்போமே.

நம் கையில் இருப்பது ஷெவர்லே சி10 வண்டியின் 350 வி8, அதாவது பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர் கொண்ட 5.7 லிட்டர் இன்ஜின். (அமெரிக்கர் ட்ரக் என்பது பிக்அப். வரைவில் ‘லாரி’ என்று இருப்பதைத் திருத்த வேண்டும்.) கம்பெனி தருவது வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட். அதில் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களின் புகையும் வெளியே வந்ததுமே ஒரே குறுகிய அறைக்குள் முட்டி மோதும். ஹெடரில் ஆளுக்கொரு எஃகுக் குழல்; தனித்தனியாகக் கொஞ்ச தூரம் ஓடி, பிறகு ஒன்றுசேரும். வேகமாகப் போகும் புகை தன் பின்னால் விட்டுப்போகும் தாழ்ந்த அழுத்தம் அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துவிடும். இந்த இன்ஜினின் எரிவரிசை, அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. இதில் 5-ம் 7-ம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வெடிப்பவை. மறுபக்கத்தில் 8-ம் 4-ம் அப்படியே. இவற்றைச் சந்திக்கும் இடம் வரை பிரித்து வைப்பதில்தான் ஹெடரின் சூட்சுமம் இருக்கிறது.

‘கிளைக்குழாய்’ என்று இன்னொரு நண்பர் சொன்னதும் இதனால்தான் எனக்கு ஒட்டவில்லை. கிளை பிரிந்து போவது. காற்றை உள்ளே பங்கிடும் இன்டேக் பக்கத்துக்கு அது பொருந்தும். இங்கே நடப்பது பவானி கூடுதுறையில் நடப்பது. ஆகவே கூடற்குழல். ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரியது தனிக்குழல், அவை சேரும் கலெக்டர் கூடுவாய். லாங் டியூப், ஷார்ட்டி இரண்டுக்கும் நெடுங்குழல், குறுங்குழல். நெடில் குறில் படித்தவருக்கு விளக்கவே வேண்டாம். நான்கும் ஓரிடத்தில் சேர்ந்தால் ஒருபடிக் கூடல். இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றானால், அதாவது ட்ரை-ஒய் என்றால், இருபடிக் கூடல்.

பட்டறையில் ‘பெண்ட் பைப்’ என்கிறார்களே என்று கேட்கலாம். அது ஒரே சிலிண்டர் உள்ள பைக்கின் சொல். அங்கே சேர என்ன இருக்கிறது?

அப்புறம், வரைவின் தலைப்பில் பெர்ஃபார்மன்ஸ் என்பதற்கு ‘வேகமேற்றல்’ என்று போட்டிருக்கிறது. தவறு. டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு வேண்டியது தாழ்ந்த சுழற்சியில் முறுக்குவிசை. அதற்கு 1⅝ அங்குலத் தனிக்குழலே நல்லது. 1⅞ அங்குலம் போட்டால் புகையின் வேகம் தளர்ந்து, இன்ஜின் உச்சத்தில் சுற்றும்போதுதான் பலன் தெரியும். பெரிய குழாய் என்றால் பெரிய பலம் என்று எண்ணிப் பணத்தை விடுபவர்கள் உண்டு. ‘திறனேற்றம்’ என்று மாற்றலாம். வினையூக்கி மாற்றி (புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) உள்ள வண்டிகளில் நெடுங்குழல் போட்டால் பெரும்பாலும் அதை இடம் மாற்ற வேண்டிவரும், அங்கே சட்டச் சிக்கல் வரும் என்பதையும் ஒரு வரி சேருங்கள்.

ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததன் புகையை இழுக்கிறதே, அந்த ஸ்கேவஞ்சிங்குக்குப் ‘புகையீர்ப்பு’ என்று குறித்து வைத்திருக்கிறேன்; இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள். அகராதியைப் பார்த்துத் ‘துப்புரவுப் பணி’ என்று எழுதியவர் யாராக இருந்தாலும் சரி, அதை மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள்.