கழிவுக் கந்தக அமிலத்தில் சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கலாமா?

கேள்வி: சாயம் தயாரிக்கத் தேவையான இடைநிலை வேதிப்பொருள்களைச் செய்யும் ஆலையொன்று தரும் பழுப்பேறிய கழிவுக் கந்தக அமிலத்தைப் பாறைப் பாஸ்பேட்டுடன் கலந்து சூப்பர் பாஸ்பேட் தயாரிக்க, எங்கள் சிறு உர ஆலைக்கு என்ன அனுமதி தேவை?

மறுமொழி 1: ஐயா, 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் 9ஆம் விதியைப் பாருங்கள். கழிவை மூலப்பொருளாகப் பயன்படுத்துவோர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ள செயல்முறையைப் பின்பற்றி, மாநில வாரியத்தின் அங்கீகாரத்தைப் பெற்ற பிறகே பணியைத் தொடங்கலாம். டேங்கருடன் படிவம் 10 (கழிவை அனுப்புவோர், ஏற்றிச் செல்வோர், பெறுவோர் விவரங்கள் கொண்ட ஆவணம்) வராவிட்டால் லோடை இறக்கவே வேண்டாம்.

மறுமொழி 2: 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையும் உண்டு. தூள் சூப்பர் பாஸ்பேட்டில் நீரில் கரையும் பாஸ்பேட் 14.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சேர்மமாகாமல் தனியே எஞ்சும் பாஸ்பாரிக் அமிலம் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இவ்விரண்டிலும் தேறிய மூட்டையில்கூட, அமிலத்தோடு வந்த குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள் தங்கியிருக்கலாம் என்பதுதான் என் கவலை. நச்சு உலோகமான காட்மியமோ பாறையிலிருந்தே வரக்கூடும். ஆகவே அமிலத்தையும் பாறையையும் தனித்தனியே சோதியுங்கள்.

கேட்டவர்: நன்றி. இடைத்தரகரின் கலப்பு அமிலம் மலிவாகக் கிடைக்கிறது. ஆனாலும் மூலம் தெரியாததால் அதை விட்டுவிடுகிறேன்.