உதவி: ஹாம் ரேடியோ கான்டெஸ்டுக்கு நாலு நாள், மோர்ஸ் கீயர் தானா கோடு அடிக்குது

புள்ளிக்கோடு: சனி காலை 5:30-க்கு சிக்யூ டபிள்யூடபிள்யூ சிடபிள்யூ (மோர்ஸ் போட்டி) தொடங்குது. க்யூஆர்பி ரிக்ல (5 வாட் ரேடியோ) மோர்ஸ் அடிக்கிற பேடிலைத் தொட்டாலே கோடு நிக்காம ஓடுது. சில நேரம் ரிக்கே அணைஞ்சு திரும்ப ஆன் ஆகுது. பேடில் சுத்தம் பண்ணியாச்சு. அவசரம்.

வயர்மேன்: எந்த பேண்ட்? என்ன ஆன்டெனா? பவர் எங்கிருந்து? இதெல்லாம் இல்லாம எதை வச்சுச் சொல்றது?

ஏழு_ஏஎச்: பவர் வர்ற வழிதான், சந்தேகமே இல்ல. கீயை அழுத்திப் பிடிச்சு வோல்ட் பாருங்க. பேட்டரி முனையில இல்ல, ரிக் சாக்கெட்ல. 12.4 இருந்தது 11-க்குக் கீழ போனா ஃப்யூஸ் ஹோல்டரோ மெல்லிசு வயரோதான்.

புள்ளிக்கோடு: 15 மீட்டர் பேண்ட்ல மட்டும்தான் வருது, 40-ல ஒண்ணும் இல்ல. ஆன்டெனா எண்ட் ஃபெட் (ஒரு முனையில மட்டும் ஊட்டறது), 20 மீட்டர் வயர், 49:1 டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி. சாக்கெட்ல 12.1-க்குக் கீழ இறங்கல.

பழைய_சாவி: இதை முதல்லயே எழுதியிருக்கலாம். எண்ட் ஃபெட் வாங்கறவங்க யாருமே ஆன்டெனாவோட மறுபாதி எங்கேன்னு கேக்கறதில்ல. ரெண்டு பாதியும் இருக்கற டைபோல் கட்டுங்க தம்பி.

வயர்மேன்: டைபோலை அப்புறம் பாக்கலாம் சார். புள்ளிக்கோடு, ஆன்டெனாவைக் கழட்டிட்டு 50 ஓம் டம்மி லோட்ல (ஆன்டெனாவுக்குப் பதிலா மாட்டற ரெசிஸ்டர்) 15-ல அடிச்சுப் பாருங்க. கோளாறு வரலன்னா நீங்க அனுப்பற ஆர்எஃப் (ரேடியோ சிக்னல்) கோஆக்ஸ் கேபிள் வழியா ரிக்குக்குள்ள ஏறுது. கவுண்டர்பாய்ஸ் (மறுபாதியா வேலை செய்யற தனி வயர்) இல்லாத எண்ட் ஃபெட்ல கோஆக்ஸ் வலையோட வெளிப்பக்கம்தான் மறுபாதி. ரிக் முனையில எவ்வளவு வந்து விழும்ங்கறது கேபிள் நீளத்தையும் பேண்டையும் பொறுத்தது, அதான் 40 தப்பிச்சது. அதைத் தடுக்க எஃப்டி140-43 ஃபெரைட் வளையத்துல ஆர்ஜி174 கோஆக்ஸ் 12 சுத்து, ரிக் பக்கத்துல. பேடில் சாக்கெட்ல புள்ளி, கோடு ரெண்டுலேர்ந்தும் கிரவுண்டுக்கு ஆளுக்கொரு 103 டிஸ்க் கெபாசிட்டர், காலைக் குட்டையா வெட்டி.

சோக்கர்: வளையத்தை ரிக் பக்கம் போட்டா கேபிள் பூரா கதிர்வீசும், வீட்டு இரைச்சலையும் அள்ளிட்டு வரும். 49:1 பெட்டியை ஒட்டிப் போடுங்க.

வயர்மேன்: ஒட்டிப் போட்டா மறுபாதியே போச்சு, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பொருத்தத்தோட அளவு) ஆடும். அப்படித்தான் போடணும்னா பெட்டியோட கிரவுண்ட் முனையில 2 மீட்டர் வயர் தொங்கணும்.

சோக்கர்: அதைத் தொங்கவிடத்தான் சொல்றேன்.

வயர்மேன்: அதை எழுதவே இல்லையே.

பழைய_சாவி: 5 வாட்டுக்கு இவ்வளவு பாடா? 100 வாட் போட்டா ஒரே கூப்பிடல்ல வேலை முடியும்.

ஏழு_ஏஎச்: 13 டிபி வித்தியாசம், ரெண்டு எஸ் யூனிட் (சிக்னல் பலத்தோட அளவு) சொச்சம். எஸ்9-ல கேக்கறது எஸ்7-க்குக் கொஞ்சம் கீழ கேக்கும், அவ்வளவுதான். ஞாயிறு மதியத்துக்கு மேல பெரிய ஸ்டேஷன்களுக்குப் புது ஆள் கிடைக்காது, அப்ப 5 வாட்டையும் தேடி எடுப்பாங்க. ரிவர்ஸ் பீக்கன் தளத்துல யார் எந்த அலைவரிசைல இருக்காங்கன்னு ஸ்பாட் பாத்துப் பிடிச்சா இன்னும் சுலபம்.

பழைய_சாவி: அது அசிஸ்டட், வெளி உதவியோட ஆடறது. பிரிவு மாறிடும். விதியைப் படிச்சுட்டு யோசனை சொல்லுங்க.

ஏழு_ஏஎச்: அசிஸ்டட்லயும் க்யூஆர்பி பிரிவு இருக்கே சார், அதுல பதிவு பண்ணிட்டாப் போச்சு. வேண்டாம்னா வெள்ளிக்கிழமையே நாலு சிக்யூ (பொது அழைப்பு) அடிச்சு, எந்த ஸ்கிம்மர் (மோர்ஸைத் தானா படிக்கிற ரிசீவர்) எத்தனை டிபில கேக்குதுன்னு பாத்துக்கலாம்.

புள்ளிக்கோடு: டம்மி லோட்ல வரல. ரிக் பக்கம் 12 சுத்து, 103 ரெண்டு போட்டாச்சு. கோடு நின்னுடுச்சு. ரிக் ஒரு தடவை அணைஞ்சது.

வயர்மேன்: பவர் வயர் ரெண்டையும் சேத்து ஒரு கிளிப் ஃபெரைட்ல நாலு சுத்து. 2 மீட்டர் வயரையும் தொங்கவிடுங்க. அப்பவும் அணைஞ்சா 3 வாட்டுக்கு இறக்கிப் பாருங்க, 2.2 டிபிதான் போகும்.

ஏழு_ஏஎச்: திங்கள் ஆச்சு. எத்தனை க்யூஎஸ்ஓ (தொடர்பு) ஆச்சு?