மார்க்ஸின் காகிதங்களைக் காப்பாற்றியது யார்?

பெரம்பூர்க்காரன்:
நேற்று ஒரு கூட்டத்தில் பேசியவர், மார்க்ஸின் கையெழுத்துப் படிகளை ஹிட்லரிடமிருந்து காப்பாற்றியது சோவியத்துதான், எல்லாம் மாஸ்கோவில் பத்திரமாக இருக்கிறது என்றார். கைதட்டல் வேறு. எனக்கு இரவெல்லாம் எரிச்சல் அடங்கவில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது ஐயா, சர்வதேச சமூக வரலாற்று நிறுவனத்தில். 1935-இல் போஸ்துமஸ் என்ற பேராசிரியர் தொடங்கியது. 1933-இல் ஹிட்லர் வந்ததும் ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அந்தக் காகிதங்களை நாட்டைவிட்டே கடத்தினார்கள். 1938-இல் ஆம்ஸ்டர்டாம் அவற்றைப் பெற்றுக்கொண்டது. காப்பாற்றியது இவர்கள்.

செந்தோழர்:
"பெற்றுக்கொண்டது" என்று எவ்வளவு பூசி மெழுகுகிறீர்கள்! வாங்கியது என்று எழுதுங்கள். காசு கொடுத்து வாங்கினால் அது வியாபாரம். அதுவும் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் காசு. 1921-லேயே மாஸ்கோவில் மார்க்ஸ்-எங்கெல்ஸ் நிறுவனத்தைக் கட்டி, பெர்லினில் இருந்த படிகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுக்க வைத்தாரே ரியாசனோவ், அவர் உங்கள் கண்ணில் படவே இல்லையா?

பெரம்பூர்க்காரன்:
அந்த இன்சூரன்ஸ் கம்பெனி டச்சுத் தொழிலாளர்களுக்கானது. லாபத்தைத் தொழிலாளர் இயக்கத்தின் பண்பாட்டுக் காரியங்களுக்குக் கொடுத்தது. சரி, ரியாசனோவ் பெயரை நீங்களே எடுத்தீர்கள். 1931-இல் அவரைக் கைது செய்தது யார்? 1938 ஜனவரியில் சுட்டது யார்? 1936-இல் இதே காகிதங்களுக்கு விலை பேச மாஸ்கோவிலிருந்து வந்த குழுவில் சோவியத் தலைவர்களில் ஒருவரான புகாரின் இருந்தார், பேரம் படியவில்லை, 1938 மார்ச்சில் அவரையும் சுட்டார்கள். அந்த மே மாதம்தான் ஆம்ஸ்டர்டாம் வாங்கியது.

செந்தோழர்:
வாங்கியது! நீங்களே எழுதிவிட்டீர்கள். எனக்கு அது போதும்.

கோவை மில் பேரன்:
இவ்வளவு பெருமை பேசும் நிறுவனம் 1936 நவம்பரில் தன் பாரிஸ் கிளையில் இருந்த, ஸ்டாலின் நாடு கடத்திய ட்ரொட்ஸ்கியின் காகிதங்களைத் திருட்டுக் கொடுத்ததே. அதையும் எழுதுங்கள் அண்ணா.

பெரம்பூர்க்காரன்:
எழுதுகிறேன். திருடியது சோவியத் உளவுத்துறை. செந்தோழரிடம் கேளுங்கள், அது காப்பாற்றியதா வாங்கியதா என்று.

செந்தோழர்:
பேச்சை மாற்றாதீர்கள். போன மே தினத்தன்றும் இப்படித்தான். 1923-இல் சிங்காரவேலர் நடத்திய மே தினக் கூட்டம் ஒரே இடத்தில்தான் என்று சாதித்தீர்கள். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒன்று, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒன்று, ஆக இரண்டு கூட்டம் என்று எடுத்துக் காட்டியபிறகும் தவறு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரம்பூர்க்காரன்:
அதை இன்னும் சுமந்துகொண்டு திரிகிறீர்களா?

பழைய நூலகர்:
இரண்டு பேருமே விட்டுவிட்ட பெயர் ஒன்று இருக்கிறது. அன்னி அடாமா வான் ஸ்கெல்தெமா, அந்த நிறுவனத்தின் நூலகர். 1938-இல் ஹிட்லர் வியன்னாவைப் பிடித்தபிறகு அங்கே போய் அரசே வேண்டாம் என்ற புரட்சியாளர் பக்கூனினின் கையெழுத்துப் படிகளை வெளியே கடத்தி வந்தவர். 1940-இல் ஜெர்மானியர்கள் ஆம்ஸ்டர்டாம் கட்டடத்தைப் பூட்டி, கிடைத்ததை எல்லாம் அள்ளிப் போனார்கள். மார்க்ஸின் காகிதங்கள் தப்பியது முன்கூட்டியே இங்கிலாந்துக்கு அனுப்பியதால்தான். அது வியாபாரமா தோழர்?

செந்தோழர்:
பக்கூனினைப் பற்றி யார் கேட்டது? கேள்வி மார்க்ஸ். வாங்கியது.

பெரம்பூர்க்காரன்:
எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது எங்கள் பேட்டையில். என் தாத்தா பின்னி மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தார். அவர் இருந்த ஒரு சிறிய சங்கக் கிளையில் சந்தா ரசீதுப் புத்தகங்கள், ஸ்ட்ரைக் நோட்டீஸ்கள், கையால் எழுதிய கூட்டக் குறிப்புகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. இடத்தைக் காலி செய்த அன்று எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பழைய பேப்பர் கடைத் தராசில் கரையான் அரித்த ஒரு ரசீதுக் கட்டு மட்டும் மிச்சம். அடிக்கட்டையில் நாலணா, பக்கத்தில் ஒரு கைநாட்டு, பெயர் பாதிதான் தெரிந்தது. அன்றைக்கு யாராவது காசு கொடுத்து வாங்கியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். வாங்குவதும் காப்பாற்றுவதுதான்.

கோவை மில் பேரன்:
அந்தக் கட்டு இப்போது எங்கே இருக்கிறது அண்ணா?

பெரம்பூர்க்காரன்:
வீட்டு பீரோவில்.

செந்தோழர்:
வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் தாத்தா கதையை வைத்து என் கேள்வியை மறைக்க முடியாது. ரசீதை ஒரு காப்பகத்துக்குக் கொடுக்காமல் பீரோவில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

பெரம்பூர்க்காரன்:
என் பீரோவைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இல்லை. கம்யூனிஸ்ட் அறிக்கையின் வரைவில் மிஞ்சியது ஒரே ஒரு பக்கம், அதன் முதல் வரிகள் மார்க்ஸின் மனைவி ஜென்னியின் கையெழுத்து. 2013-இல் யுனெஸ்கோ அதை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. அது இருப்பது ஆம்ஸ்டர்டாமில், மாஸ்கோவில் இல்லை. இணையத்திலேயே பார்க்கலாம். பார்த்துவிட்டு வந்து வியாபாரம் என்று எழுதுங்கள்.

செந்தோழர்:
போன வருடமே பார்த்துவிட்டேன். வாங்கியதுதான்.