திரை கறுப்பாகவே இருக்கிறது: மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (திருவொற்றியூர்):
வணக்கம். எங்கள் வீட்டு மேசைக்கணினியில் பொத்தானை அழுத்தியதும் மின்விசிறி சுழல்கிறது, முகப்பு விளக்கும் எரிகிறது. ஆனால் திரையில் ஒன்றும் வருவதில்லை. அந்த மானிட்டரைப் பக்கத்து வீட்டுக் கணினியில் இணைத்துப் பார்த்தோம், அங்கே நன்றாகவே தெரிகிறது. பழுது பார்ப்பவர் ஒருவர் பெட்டியைத் திறக்காமலேயே மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டார். மகளின் இறுதியாண்டு புராஜெக்ட் முழுவதும் அதில் இருப்பதால் கவலையாக இருக்கிறது. பணம் செலவழிக்கும் முன் நாங்களே சோதிக்கக்கூடியது ஏதேனும் உண்டா?

மறுமொழி (ராயபுரம்):
திரை எந்தக் கட்டத்தில் கறுப்பாகிறது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள், ஐயா. மின்சாரம் கிடைத்தவுடன், மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற தொடக்க மென்பொருள்தான் பிராசசர், ரேம் (தற்காலிக நினைவகம்), திரைக்கான பகுதி ஆகியவற்றைச் சோதித்த பிறகே விண்டோஸைத் தேடி ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம்கூட வரவில்லையென்றால் கணினி அந்த முதற்கட்டத்திலேயே நின்றிருக்கக்கூடும். அப்படியானால் கோப்புகளுக்குச் சேதம் வந்திருக்க வாய்ப்பு குறைவு. கீபோர்டில் ‘நம் லாக்’ (Num Lock) விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு அணைந்து எரிந்தால் கணினி இயங்குகிறது, படம் மட்டும் வரவில்லை என்று கொள்ளலாம். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் அந்தக் கார்டில்தான் செருக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
சின்னம் வரவில்லை. நம் லாக் விளக்கு அசையவே இல்லை. தனி கார்டு கிடையாது. ரேம் இரண்டு இருக்கின்றன. வீடு கடற்கரைக்கு அருகில், சன்னல் எப்போதும் திறந்தே இருக்கும்.

மறுமொழி (காசிமேடு):
நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். நம் பகுதியில் உப்புக்காற்று சன்னல் கம்பியையே அரித்துவிடும்போது, ரேமின் மெல்லிய தொடுமுனைகளில் படலம் படிவதில் வியப்பில்லை. மதர்போர்டைக் குறை சொல்லும் முன் ரேமைக் கழற்றி மாட்டிப் பார்த்தே தீர வேண்டும். அதைச் செய்யாமல் தீர்ப்புச் சொல்வது சரியான வேலைமுறை அன்று.

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, மிச்ச மின்சாரம் வடிய, தொடக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை நீக்கிய பிறகு, ரேமை ஓரத்தைப் பிடித்து எடுங்கள். கடைகளில் அழிப்பானால் தேய்ப்பார்கள். பலன் தரும் என்றாலும் தங்கப்பூச்சு தேய்ந்துவிடும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் மெதுவாகத் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். பிறகு ஒரே ஒரு ரேமை மட்டும், வெட்டுப்பள்ளம் பொருந்தும்படி, கொக்கி தானாக மாட்டிக்கொள்ளும் வரை அழுத்துங்கள். திரை வரவில்லையென்றால் மற்ற இடத்தில் செருகிப் பாருங்கள். அதன் பின் இன்னொரு ரேமை அதேபோல் சோதியுங்கள். ரேம் இடம் மாறியபின் முதல் தொடக்கம் வழக்கத்தைவிடத் தாமதமாகலாம். அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
திரை வந்துவிட்டது! இரண்டு ரேமையும் துடைத்து மாட்டியதும் விண்டோஸ் முழுமையாகத் திறந்தது. மிக்க நன்றி. மெயின் சுவிட்சை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி மட்டும் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறது.

மறுமொழி (ராயபுரம்):
மகிழ்ச்சி. மதர்போர்டில் காசு வடிவில் இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் அது சிஆர் 2032, 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அதற்கு முன் இன்றே மகளின் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.

மற்றொருவர் (வியாசர்பாடி):
எனக்கு விண்டோஸ் சின்னம் வந்த பிறகே கறுப்பாகிறது. மவுஸ் அம்பு தெரிகிறது. நானும் ரேமைக் கழற்ற வேண்டுமா?

மறுமொழி (ராயபுரம்):
வேண்டாம், உங்களுடையது பெரும்பாலும் மென்பொருள் கோளாறு. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தினால் திரையை இயக்கும் மென்பொருளான டிரைவர் மீண்டும் தொடங்கும். அதில் சரியாகவில்லையென்றால், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புதிய பணியாக எக்ஸ்புளோரரை (explorer.exe) இயக்குங்கள். அதுவும் பயன்படாவிட்டால் விண்டோஸ் அடிப்படை வசதிகளோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் நுழைந்து, அண்மையில் மாற்றிய டிஸ்பிளே டிரைவரை நீக்குங்கள். டிஸ்க், விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அப்போது மீட்புச் சாவியாக 48 இலக்க எண்ணைக் கேட்கக்கூடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.